நெப்ராஸ்கால ஊர் எங்க போச்சு?

போன கோடைல மாமனாரும் மாமியாரும் வந்திருந்தாங்க. ஒமாஹால எங்க வீட்டுக்குள்ளயே உக்காந்து அலுத்துப்போய், சரி கொலராடோ மலையாவது பாத்துட்டு வரலாம்னு கார்லயே கெளம்பினோம். ஐ-80 ஹைவேல போனவங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்ல, லிங்கன் சிட்டி தாண்டினதும் மக்காச்சோளம், அப்புறம் சோயா, அப்புறம் திரும்பவும் மக்காச்சோளம், தூங்காம ஓட்டறதுதான் பெரிய வேலை. மாமியார் பின்சீட்ல நல்ல தூக்கம். மாமனார் மட்டும் ஜன்னல விட்டு கண்ண எடுக்கல, வேளாண்மைத் துறைல சர்வீஸ் முடிச்சு ரிட்டயர் ஆனவர், அவருக்கு வயல் எப்பவும் போர் அடிக்காது. கியர்னி டவுன் கிட்ட வந்தப்போ கேட்டார், "மாப்ள, நானும் பாத்துக்கிட்டே வரேன், வயல் இருக்கு, தானியம் கொட்டற தகரக் குதிர் இருக்கு, நடுவுல ஒத்த வீடு இருக்கு. இத்தன நெலத்தையும் உழுறவங்க எல்லாம் எந்த ஊர்ல இருக்காங்க?" அந்த ஒத்த வீட்லதான் மாமா இருக்காங்கன்னேன். "அது ஒரு குடும்பம். மத்தவங்க?" அடுத்த வீட்ட கைகாட்டினேன், ஒரு மைலுக்கு மேல இருக்கும். கொஞ்ச நேரம் பேசாம வந்தவர், "ராத்திரி நெஞ்சு வலின்னா யார கூப்பிடுவாங்க?"ன்னார். 911ன்னு சொல்லி சமாளிச்சேன், ஆனா அவர் கேட்டது அது இல்லன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

இதுக்கு எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணு இருக்கு, நெலம் பெருசு, ஜனம் கம்மி, புல்வெளி அப்படித்தான். இப்ப பண்ணைங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாயிட்டதால வீடு இன்னும் கொறஞ்சுபோச்சுங்கறதும் உண்மை. ஆனா அந்த பதில் எனக்கு எப்பவும் செரிக்கல. ஏன்னா இந்த நாட்ல குடியேறினவங்க கதைய எங்க படிச்சாலும் தனிமைய காத்து, பனி மாதிரி ஒரு இயற்கை விஷயமாவே எழுதறாங்க. புல்வெளில காத்தடிக்கும், பனி கொட்டும், வெட்டுக்கிளி வரும், மனுஷன் தனியா இருப்பான். முதல் மூணும் சரி. நாலாவது எப்படி அந்த லிஸ்ட்ல சேந்துது? சமவெளில பக்கத்துல பக்கத்துல வீடு கட்ட என்ன தடை, மலையா இருக்கு, கடலா இருக்கு?

160 ஏக்கர், ஒரு கண்டிஷன்

1862 மே 20 ஜனாதிபதி லிங்கன் கையெழுத்து போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 21 வயசானவங்க இல்ல குடும்பத் தலைவர், குடிமகனாவோ குடிமகனாகறேன்னு எழுதிக் குடுத்தவராவோ இருக்கணும், அமெரிக்காவுக்கு எதிரா ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது, அவ்ளோதான், அரசாங்க நெலத்துல 160 ஏக்கர் தன் பேர்ல எழுதிக்கலாம். ஃபீஸ் எல்லாம் சேத்து 18 டாலர். வாட்ஸாப்ல வருமே, "அமெரிக்கால நெலத்த சும்மா குடுத்தாங்க, உழைச்சவன் பொழைச்சான்"னு, அது இந்த 18 டாலரோட நின்னுடும். கலப்பை, மாடு, வண்டி, கிணறு, வேலி, முதல் அறுப்பு வரைக்கும் சாப்பாடுன்னு கூட்டினா ஆயிரம் டாலர் பக்கம் வந்துடும்னு வரலாற்றாசிரியர்கள் கணக்கு போட்டிருக்காங்க. ஆனா நான் பேச வந்தது காசு இல்ல, அந்த அஞ்சு வருஷ கண்டிஷன். பயிர் பண்ணினா மட்டும் போதாது, அந்த நெலத்துலயே வீடு கட்டி அங்கயே குடியிருக்கணும். அஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டு சாட்சியோட லேண்ட் ஆபீஸ்க்கு போய், ஆமா இவர் அங்கதான் இருந்தார்னு சொல்ல வைக்கணும். அப்பதான் பட்டா.

இத சர்வே கட்டத்தோட சேத்து பாக்கணும். 1785லயே முடிவு பண்ணிட்டாங்க, நெலம் எல்லாம் ஆறு மைலுக்கு ஆறு மைல் டவுன்ஷிப், அதுக்குள்ள ஒரு மைல் சதுரத்துல 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதுல கால்வாசிதான் 160, ஒவ்வொரு பக்கமும் அரை மைல். ஆளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள்ள ஒரு வீடு, அப்ப பக்கத்து வீடு சராசரியா அரை மைல் தள்ளி. இதுல 16ம் 36ம் நம்பர் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்குன்னு ஒதுக்கினது. ரயில் பாதை போற எடமா இருந்தா ஒத்தப்படை செக்‌ஷன் எல்லாம் ரயில் கம்பெனிக்கு மான்யம், அவங்க விலை ஏறட்டும்னு வெச்சிருப்பாங்க, செஸ் போர்டு மாதிரி ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் காலி. அந்த மாதிரி எடத்துல நாலு பக்கமும் ஆளே இல்லாம ஒருத்தன் வருஷக்கணக்குல உக்காந்திருந்தான்னா அதுக்கு புல்வெளி என்ன பண்ணும்? வாஷிங்டன்ல வரைஞ்ச கோடு அது.

பியாட்ரிஸ்ங்கற டவுன் பக்கத்துல ஹோம்ஸ்டெட் நேஷனல் ஹிஸ்டாரிகல் பார்க் இருக்கு, எங்களுக்கு பக்கம்தான். முதல் மனு போட்டதா சொல்ற டேனியல் ஃப்ரீமேனோட நெலம். 1863 ஜனவரி 1 சட்டம் அமலுக்கு வந்த அன்னிக்கு நடுராத்திரி தாண்டினதும் ப்ரௌன்வில் ஊர்ல லேண்ட் ஆபீஸ் க்ளர்க்க கெஞ்சி ஆபீஸ தொறக்க வெச்சார்னு கதை. அந்த ஆள் பெரிய கேரக்டர், செத்துப்போன தம்பிக்கு நிச்சயம் பண்ணியிருந்த பொண்ணுக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டு கல்யாணம் பண்ணிக்கிட்டார், வயசான காலத்துல பக்கத்து ஸ்கூல்ல டீச்சர் பைபிள் படிக்கறாங்கன்னு கேஸ் போட்டு 1902ல நெப்ராஸ்கா சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சார். அந்த பார்க்ல ஒரு இரும்புச் சுவர் இருக்கு, 30 மாநிலத்தோட வடிவத்துல தகடு வெட்டி நிறுத்தி, ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு நெலம் ஹோம்ஸ்டெட்ல போச்சோ அந்த அளவுக்கு ஓட்டை போட்டிருக்காங்க. நெப்ராஸ்கால கிட்டத்தட்ட பாதி ஓட்டை. மொத்தம் 16 லட்சம் பட்டா, 27 கோடி ஏக்கர், நாட்டோட பத்துல ஒரு பங்கு.

மண்ணு வீடும் ஆர்கனும்

மரமே இல்லாத எடத்துல என்னத்த வெச்சு வீடு கட்டறது? புல்லோட சேத்து மண்ணத்தான். ஈரம் இருக்கற சமயமா பாத்து அதுக்குன்னே செஞ்ச கலப்பையால ஒரு அடிக்கு கொஞ்சம் மேல அகலம், நாலு இஞ்ச் கனத்துக்கு நீளமா பட்டை உரிப்பாங்க, மண்வெட்டியால ரெண்டு மூணு அடி துண்டா வெட்டி, அன்னன்னிக்கு வெட்டினத அன்னன்னிக்கே அடுக்கிடணும், காஞ்சா உதிரும். புல் இருக்கற பக்கம் கீழ வர மாதிரி வெச்சா வேர் அடுத்த வரிசையோட பின்னிக்கும். செங்கல் வேலை மாதிரியே இணைப்பு மாத்தி மாத்தி. 16க்கு 20 அடில ஒரு ரூம் கட்ட அரை ஏக்கர்லேந்து ஒரு ஏக்கர் வரைக்கும் புல்தரைய உரிக்க வேண்டியிருந்துது. சுவர் ரெண்டு மூணு அடி கனம், வெயிலுக்கு ஜில்லுன்னு இருக்கும், குளிருக்கு கதகதப்பு, காட்டுத்தீ வந்தாலும் சுலபத்துல பத்தாது. கூரைதான் தொல்லை. உத்தரம் போட்டு, அது மேல வில்லோ குச்சி, அதுக்கு மேல திரும்ப அதே மண்ணு. வெளிய மழை நின்ன அப்புறமும் உள்ள நிக்காது. அடுப்பு மேல ஒரு ஆள் குடை புடிச்சுக்கிட்டு நிக்க, இன்னொரு ஆள் சமைச்சதா நிறைய பேர் எழுதி வெச்சிருக்காங்க. கூரைலேந்து மண்ணும் பாம்பும் தட்டுல விழாம இருக்க மஸ்லின் துணிய விதானமா கட்டுவாங்க. எரிக்க விறகு கெடையாது, எருமைச்சாணி, மாட்டுச்சாணி வறட்டி பொறுக்கிட்டு வரணும், அதுவும் இல்லன்னா காஞ்ச புல்ல முறுக்கி முறுக்கி அடுப்புல போடணும், ஒரு ஆள் முறுக்கிட்டே இருந்தாதான் ரூம் சூடா இருக்கும்.

இந்த வீடுகள நாம இன்னிக்கு பாக்க முடியறதுக்கு காரணம் சாலமன் புட்சர்னு ஒரு ஆள். நெப்ராஸ்கால கஸ்டர் கவுண்டிக்கு (நம்ம ஊர் ஜில்லா மாதிரி) 1880ல வந்தார், நெலம் எழுதிக்கிட்டார், விவசாயம் நமக்கு வராதுன்னு சீக்கிரமே கைகழுவிட்டார். அப்புறம் 1886ல குதிரை வண்டில கேமராவ ஏத்திக்கிட்டு கவுண்டி பூரா வீடு வீடா போய் போட்டோ எடுக்க ஆரம்பிச்சார். 1899ல அவர் வீடே எரிஞ்சுபோச்சு, கண்ணாடி நெகட்டிவ் மட்டும் தப்பிச்சுது. அதுல ஹில்டன் குடும்பத்து போட்டோ ஒண்ணு இருக்கு, எனக்கு இது மண்டைய கொடையற போட்டோ. வெட்டவெளி, மாட்டுக்கொட்டா முத்தம், அதுல நடுநாயகமா ஒரு ஆர்கன், கால்ல மிதிச்சு வாசிக்கற பெரிய மரப்பெட்டி ஆர்கன், அத சுத்தி குடும்பம் டிரஸ் பண்ணிக்கிட்டு நிக்குது. கத என்னன்னா அந்தம்மாவுக்கு கெழக்க இருக்கற சொந்தக்காரங்க, சிநேகிதங்களுக்கு போட்டோ அனுப்பணும், ஆர்கன் இருக்கறது தெரியணும், ஆனா மண்ணு வீட்ல குடியிருக்கறது தெரியக்கூடாது. அதனால அத்தன கனத்தையும் வெளிய தூக்கி வெச்சு, வீடு ஃப்ரேம்ல வராம எடுத்துக்கிட்டு, திரும்ப உள்ள தூக்கி வெச்சாங்க.

இத எல்லாரும் கௌரவத்துக்கு உதாரணமா சொல்றாங்க, பாவம் அந்தம்மா மானத்த காப்பாத்திக்கிட்டாங்கன்னு. எனக்கு வேற ஒண்ணு தோணும். அந்த ஆர்கன தினம் யார் கேட்டாங்க? ஞாயித்துக்கிழம பிரசங்கி வந்தா யார் வீட்லயோ கூடுவாங்க, வெள்ளிக்கிழம ஸ்கூல்ல பாட்டுப்போட்டி, டிபேட் எல்லாம் நடக்கும், வீடு கட்ட, கதிரடிக்க அக்கம்பக்கம் கூடும், இதெல்லாம் இருந்துது, தினம் தினம் அழுதுகிட்டே கெடந்தாங்கன்னு சொல்றது பொய். அதே புட்சர் எடுத்த கிரிஸ்மன் சகோதரிங்க போட்டோவ பாருங்க, நாலு அக்கா தங்கச்சி, வயசு வர வர ஆளுக்கு ஒண்ணா நெலம் எழுதிக்கறதா திட்டம், கடைசித் தங்கச்சிக்கு 21 ஆகறதுக்குள்ள நெலம் தீந்துபோச்சு. அவங்க மூஞ்சில பரிதாபம் ஒண்ணும் இல்ல. கல்யாணம் ஆகாத பொண்ணு தன் பேர்ல நெலம் வாங்கலாம்ங்கறது அந்த காலத்துக்கு பெரிய விஷயம், அத நான் கொறச்சு சொல்ல மாட்டேன். ஆனா கல்யாணம் ஆகி வந்தவங்களுக்கு? புருஷன் லேண்ட் ஆபீஸ், கடை, மில்லுன்னு டவுனுக்கு போவான், போனா ரெண்டு நாள். அவ அந்த கட்டத்துக்குள்ள. பேச்சுத் துணைக்கு கேனரி குருவி வாங்கி கூண்டுல வெச்சுக்கிட்டவங்க உண்டு.

1888 ஜனவரி 12

தனிமைன்னா வெறும் மனசு சங்கடம் இல்லன்னு காட்ட இந்த நாள சொல்லாம இருக்க முடியாது. காலைல வெயில், ஜனவரிக்கு நம்ப முடியாத இதம், பசங்க மேல்கோட்டு கூட போடாம ஸ்கூலுக்கு போனாங்க. மதியத்துக்கு மேல வடமேக்குலேந்து ஒரு சுவர் மாதிரி வந்துது பனிப்புயல், மாவு மாதிரி பனி, நீட்டின கை தெரியல. டகோட்டா, நெப்ராஸ்கா பக்கம் செத்தவங்க 235 பேர்னு பொதுவா சொல்ற கணக்கு, நிறைய பேர் பள்ளிப் பசங்க. மீரா பள்ளத்தாக்குல மின்னி ஃப்ரீமேன்னு ஒரு சின்ன வயசு டீச்சர், கூரை பிச்சுக்கிட்டு போனதும் பசங்கள மொத்தமா கூட்டிட்டு ஒரு பண்ணை வீட்டுக்கு போய் சேத்தாங்க. கயிறுல கட்டி கூட்டிட்டு போனதா ஒரு கதை, கயிறு நெஜமாங்கறதுல இன்னிக்கும் சண்ட. ப்ளெயின்வியூ பக்கத்துல லோயிஸ் ராய்ஸ்னு இன்னொரு டீச்சர், எரிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம போனதும் மூணு பசங்கள கூட்டிட்டு தான் தங்கியிருந்த வீட்டுக்கு கெளம்பினாங்க. அந்த வீடு கூப்பிடு தூரம்தான். வழி தப்பிடுச்சு. ராத்திரி பூரா வெளிய, மூணு பசங்களும் அவங்க மடிலயே போய்ட்டாங்க, அவங்களுக்கு ரெண்டு பாதமும் எடுக்க வேண்டி வந்துது.

என் வாதத்துக்கு லோயிஸ் ராய்ஸ் கதை ஒத்து வராது, எனக்கே தெரியுது. தூரம் அங்க கொல்லல, பக்கத்துல இருந்தும் போய் சேர முடியல. ஆனா எவ்வளவோ பசங்க செத்தது ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருந்த அந்த ஒரு மைல், ரெண்டு மைல்லதான், போற வழில ஒரு வீடு, ஒரு சுவர் கூட இல்லாம. ஒரே தெருல பத்து வீடு இருந்திருந்தா ஒரு வீட்டு சுவர தடவிக்கிட்டே அடுத்த வீட்டுக்கு போயிருக்கலாம். வீட்லேந்து தொழுவத்துக்கு போக கயிறு கட்டி வெச்சுக்கற வழக்கம் அவங்ககிட்ட இருந்துது. பக்கத்து வீட்டுக்கு அரை மைல் கயிறு யார் கட்டுவா?

எல்லைக்கு அந்தப்பக்கம்

இதுக்கு வேற வழியே இல்லையான்னு தேடினப்போதான் எனக்கு இந்த விஷயம் கெடச்சுது, அதுக்கப்புறம் பழைய பதில என்னால ஒத்துக்கவே முடியல. 1874ல ரஷ்யாலேந்து மென்னோனைட்டுங்க கூட்டம் கூட்டமா கெளம்பினாங்க, ஜெர்மன் பேசற சனங்க, ராணுவத்துல சேர மாட்டோம்ங்கற மதக் கொள்கை. அங்க அவங்க வாழ்ந்தது கிராமமா, ஒரு நீளத் தெரு, ரெண்டு பக்கமும் வீடு, பின்னாடி தொழுவம், ஊரச் சுத்தி வயல். சுமார் பத்தாயிரம் பேர் அமெரிக்காவுக்கும் ஏழாயிரம் பேர் கனடால மானிடோபாவுக்கும் போனாங்க. கான்சாஸ் வந்த ஒரு குழு ரயில் கம்பெனிகிட்ட செக்‌ஷன் செக்‌ஷனா நெலம் வாங்கி க்னாடெனாவ்னு ஒரு ஊரே அமைச்சாங்க, நீளத் தெரு, ஆளுக்கு நீள நீளமா வயல், புல்லையும் வைக்கோலையும் எரிச்சே ராத்திரி பூரா சூடு குடுக்கற பெரிய செங்கல் அடுப்பு. பக்கத்து அமெரிக்கர்கள் வேடிக்கை பாக்க வருவாங்களாம். சில வருஷத்துக்குள்ள அந்த ஊர் கலைஞ்சுபோச்சு, பட்டா கட்டத்துப்படி ஒருத்தர் பேர்ல இருக்கு, வயல் பட்டை பட்டையா பல பேருக்கு பிரிஞ்சிருக்கு, வரி யார் கட்டறது, வித்தா யாருது, இப்படி இழுபறி, ஒவ்வொருத்தரா அவங்கவங்க கட்டத்துக்கு வீட்ட மாத்திக்கிட்டாங்க.

மானிடோபால என்ன ஆச்சு? கனடா 1872ல போட்ட டொமினியன் லேண்ட்ஸ் சட்டமும் அதே 160 ஏக்கர்தான், அதே சதுரக் கட்டம்தான். ஆனா சேந்து வாழ விரும்பற குடும்பங்க ஒரே எடத்துல வீடு கட்டிக்கலாம், அவங்கவங்க நெலத்துல படுத்தாதான் பட்டாங்கற கட்டாயம் இல்லன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, மென்னோனைட்டுங்கள மனசுல வெச்சுத்தான். அவ்ளோதான், ஒரே ஒரு பிரிவு. அங்க தெரு வெச்ச கிராமங்க டஜன் கணக்குல வந்துது, 1876ல உருவான நியூபெர்க்தால் இன்னிக்கும் அதே ஒத்தத் தெருவோட இருக்கு, அரசாங்கமே பாதுகாக்கற எடம். அதே புல்லு, நெப்ராஸ்காவ விட மோசமான குளிரு, ஒரே கப்பல் பயணம் பண்ணி வந்த ஒரே மாதிரி சனங்க. வித்தியாசம் சட்டத்துல ஒரு பத்தி.

அமெரிக்கர்களுக்கும் இது தெரியாம இல்ல. 1893ல ஸ்மாலின்னு பேர் உள்ள (Smalley) ஒரு பத்திரிகைக்காரர் அட்லாண்டிக் மாதப் பத்திரிகைல நேரடியாவே எழுதினார், ஐரோப்பால கிராமத்துல வாழ்ந்து பழகின ஸ்காண்டிநேவிய, ஜெர்மன் சனங்கள கொண்டுவந்து இப்படி ஒத்தையா ஒக்கார வெச்சா புத்தி பேதலிக்காம என்ன பண்ணும், இதுக்கு காரணம் அந்த குடியிருப்பு கண்டிஷன், பட்டா வாங்கினவங்க இனிமேலாவது நடுவுல ஒரு கிராமம் அமைச்சு குடிபோங்கன்னு. யாரும் போகல. சாதாரண சனங்க சட்டத்த வளைச்சுதான் சமாளிச்சாங்க. நாலு கட்டம் கூடற மூலைல நாலு பேரும் வீடு கட்டிக்கிட்டது உண்டு. ரெண்டு கட்டத்துக்கு நடுக்கோட்டு மேலயே ஒரே வீட்ட கட்டி, கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒருத்தர் கட்டில், அந்தப்பக்கம் இன்னொருத்தர் கட்டில், ரெண்டு பேரும் அவங்கவங்க நெலத்துலதான் தூங்கறோம்னு சத்தியம் பண்ணினது உண்டு. நில மோசடி பண்றவங்க இதவிட கில்லாடி, வீட்டுக்கு சக்கரம் வெச்சு ஒவ்வொரு கட்டமா தள்ளிக்கிட்டு போய் சாட்சி சொல்ல வெச்சாங்க.

மாமனார் பக்கமும் ஒரு வாதம் இருக்கு, இந்த கனடா கதைய போன்ல சொன்னப்போ அவர் அவ்வளவா ஒத்துக்கல. "160 ஏக்கர்ன்றது ஒரு ஊரு நெலம் மாப்ள, மாட்ட ஓட்டிக்கிட்டு தெனம் தெருவுலேந்து அவ்வளவு தூரம் போய் உழுதுட்டு திரும்பினா பொழுது போயிடும், வயல்லயே வீடு இருந்தாதான் வேலை ஓடும்"னார். நியாயம்தான். மானிடோபாலயும் ஆள் வசதியாக வசதியாக பாதி கிராமத்துக்கு மேல கலைஞ்சு அவங்கவங்க வயலுக்கு போய்ட்டாங்க. ஆனா அது அவங்களா எடுத்த முடிவு, எப்ப போகணும்னு அவங்க பாத்துக்கிட்டாங்க. முதல் அஞ்சு வருஷம், குழந்தை பொறக்கற, பயிர் பொய்க்கற, கிணறு இன்னும் தோண்டாத அந்த அஞ்சு வருஷம்தான் பக்கத்துல ஆள் வேண்டிய காலம். அமெரிக்க சட்டம் கரெக்டா அந்த அஞ்சு வருஷத்ததான் தனியா இருன்னு சொல்லுச்சு.

ஏற்கனவே இருந்த ஊருங்க

இதுல பெரிய கொடுமை என்னன்னா, நெப்ராஸ்கால ஊர் இருந்துது. பாவ்னிங்கற பழங்குடி மக்கள் லூப், பிளாட் ஆத்தங்கரைங்கள்ல ஊர் ஊரா வாழ்ந்தாங்க. வட்ட வட்டமா மண்வீடு, 30லேந்து 50 அடி விட்டம், நடுவுல அடுப்பு, வாசல் கெழக்க பாத்து, ஒரு வீட்டுக்குள்ள பல குடும்பம். மரச்சட்டம், வில்லோ குச்சி, புல்லு, மேல மண்ணு, ஹோம்ஸ்டெட்காரங்க பின்னாடி தட்டுத்தடுமாறி கத்துக்கிட்ட அதே பொருள்தான், இவங்க எத்தனையோ தலைமுறையா கட்டிக்கிட்டு இருந்தாங்க. பொண்ணுங்க ஆத்தோர வயல்ல மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி போடுவாங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவ ஊரே கெளம்பி காட்டெருமை வேட்டைக்கு போய்ட்டு வரும். நெருங்கி வாழ்ந்ததுக்கு எதிரி பயமும் ஒரு காரணம், சொர்க்கம்னு நான் சொல்ல வரல. அம்மை நோய், லக்கோட்டாங்கற இன்னொரு பழங்குடியோட தாக்குதல், குடியேற்றக்காரங்க நெருக்கடி எல்லாம் சேந்து 1870கள்ல அவங்கள ஒக்லஹோமா பக்கம் அனுப்பிட்டாங்க. ஃப்ரீமேன் நெலத்துக்கு கொஞ்சம் தெக்க பிக் ப்ளூ ஆத்தோரம் இருந்த ஓட்டோ-மிசூரியா மக்களும் 1881ல போனாங்க. எங்க சிட்டிக்கு பேர் குடுத்த ஒமாஹா மக்கள் இன்னும் இதே மாநிலத்துல ஒரு ஓரமா இருக்காங்க, அவங்க நெலத்தையும் 1882ல ஒரு தனிச்சட்டம் போட்டு கட்டம் கட்டமா பிரிச்சாங்க.

அப்புறம் 1887ல பெரும்பாலான பழங்குடிகளுக்கும் சேத்து டாஸ் சட்டம். குடும்பத் தலைவருக்கு எத்தன ஏக்கர் தெரியுமா, 160. அதே கட்டம். இது தற்செயலா வந்த நம்பர் இல்ல. அந்த சட்டத்துக்கு பேர் குடுத்த செனட்டர் ஹென்றி டாஸ் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மாநாட்ல செரோக்கிங்கற பழங்குடி மக்கள பத்தி பேசினது பதிவாகியிருக்கு. அங்க வீடில்லாத குடும்பம் ஒண்ணு கூட இல்ல, பிச்சைக்காரன் இல்ல, அந்த தேசத்துக்கு ஒரு டாலர் கடன் இல்ல, பள்ளிக்கூடம் அவங்களே கட்டிக்கிட்டாங்க, இவ்வளவும் சொல்லிட்டு, ஆனா இதுல ஒரு கோளாறு இருக்குங்கறார். நெலம் பொதுவா இருக்கு, அதனால பக்கத்து வீட்டுக்காரன விட நம்ம வீடு பெருசா இருக்கணும்ங்கற ஆச வரல, சுயநலம் இல்ல, சுயநலம்தான் நாகரிகத்துக்கு அடித்தளம். இத படிச்ச அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் அதுலயே கெடந்தேன். மறைச்சு வெச்ச சதி இல்ல இது, நல்லது பண்றோம்னு நெனச்ச மனுஷன் மேடைல சொன்னது. கூட்டமா வாழறத கலைக்கணும், ஆளுக்கு ஒரு சதுரம், சதுரத்துக்கு ஒரு வேலி, அப்பதான் மனுஷன் ஆவான். 1887ல பழங்குடி மக்கள்கிட்ட இருந்த நெலம் சுமார் 13.8 கோடி ஏக்கர், 1934ல மிச்சம் 4.8 கோடி.

அந்த பேச்ச படிச்ச அப்புறம் ஹில்டன் வீட்டு ஆர்கன் போட்டோவ எடுத்து திரும்ப பாத்தேன். ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன், ஹில்டன் குடும்பம் அவங்களா வந்தாங்க, பட்டா கெடச்சுது, செரோக்கிகிட்டயும் பாவ்னிகிட்டயும் புடுங்கினாங்க. ஆனா ரெண்டு பேர் மேலயும் போட்ட அளவுகோல் ஒரே அளவுகோல். அந்தம்மா தூரத்துல இருக்கறவங்களுக்கு போட்டோ அனுப்பி தன் வீட்ட பெருசா காட்டிக்க வேண்டியிருந்துது. பக்கத்துல காட்டறதுக்கு ஆள் இல்ல.

1890கள்ல வறட்சி வந்தப்போ கூட்டம் கூட்டமா வண்டி கட்டிக்கிட்டு திரும்பிப் போனாங்க, ஏர் ஓட்டினா பின்னாடியே மழை வரும்னு ப்ரொஃபசர்ங்க சொன்னத நம்பி வந்தவங்க. மனு போட்டவங்கள்ல பாதிக்கும் மேல பட்டா வாங்காமலே போனாங்கன்னுதான் பொதுவா சொல்றாங்க. போனவங்க சோம்பேறி, நின்னவங்க உழைப்பாளின்னு அந்த வாட்ஸாப் மெசேஜ் சொல்லும். நின்னவங்களுக்கு பல சமயம் அண்ணன் பக்கத்து கட்டத்துல இருந்தான், மாமனார் எதிர்க் கட்டத்துல, ஒரே கிராமத்துலேந்து சேந்து வந்தவங்க. செக், ஸ்வீடிஷ், ஜெர்மன் குடியிருப்புங்க எல்லாம் அப்படித்தான் தாக்குப் புடிச்சுது. சட்டத்துல இல்லாத ஊர அவங்க சொந்தக்காரங்கள வெச்சு கட்டிக்கிட்டாங்க.

ஹோம்ஸ்டெட் சட்டத்த 1976ல எடுத்துட்டாங்க, அலாஸ்கால மட்டும் இன்னும் பத்து வருஷம் ஓடுச்சு. அப்புறம் 2010ல அதே பியாட்ரிஸ் டவுன்ல, ஃப்ரீமேன் மனு போட்ட நெலத்துக்கு பக்கத்துலயே, முனிசிபாலிட்டி திரும்ப இலவச நெலம் அறிவிச்சுது, பேர் கூட ஹோம்ஸ்டெட் சட்டம் 2010. வரி கட்டாம விட்டுப்போன காலி மனைங்க. டவுனுக்குள்ள, ரோடு போட்டு, தண்ணி குழாய் வந்து, ரெண்டு பக்கமும் பக்கத்து வீடு இருக்கற மனை. ஆனா சும்மா இல்ல, வீடு கட்டி சில வருஷம் அங்கயே குடியிருக்கணும்னு கண்டிஷன்.